மூட்டாத சாரம்

கனடாவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி கிடைத்ததும் என் மனைவியின் கண் நேராக என் இடுப்புக்குத்தான் போனது.

"அவையள் வரேக்க நீங்கள் சாரத்தோட நிண்டியளெண்டா நான் குசினிய விட்டு வெளிய வரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

கிளிநொச்சியிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓடும் ஒரு குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்கிறவன் நான். என் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து இங்கே வந்தவர்கள். நான் பிறந்தது இங்கேதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து சாரத்தோடுதான், இந்தியாப் படங்களில் லுங்கி என்கிறார்களே அதோடுதான், திரிகிறேன். வயலுக்குப் பழையது, கடைக்குக் கொஞ்சம் புதியது, விவசாயிகளின் கமக்கார அமைப்புக் கூட்டத்துக்குக் கிழியாதது. முகாமில் இருந்த காலத்தில் எங்களுக்கும் பக்கத்துக் குடும்பத்துக்கும் நடுவே சுவராகத் தொங்கியதும் என் சாரம்தான். சண்டை முடிந்து திரும்பி வந்து, புதுவீடு கட்டி, ஓடு போட்டு, கதிரை வாங்கி எல்லாம் முடிந்த பிறகு, அந்த வீட்டுக்கு ஒவ்வாத ஒரே பொருளாக என் சாரம் மிஞ்சிவிட்டது போலிருக்கிறது.

மகள் கிளிநொச்சியில் நேர்ஸாக வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை கனடாவில் பிறந்தவர். மனைவியின் தூரத்துச் சொந்தம் ஒருத்தி பேசிக்கொண்டு வந்த இடம். பையனுக்கு லீவு இல்லை, முதலில் தாயும் தகப்பனும் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அது ஆவணி மாதம். வெளிநாட்டுக்காரர் கோயில் திருவிழாக்களுக்கு வந்து குவியும் காலம். எங்களுக்குச் சிறுபோகம், வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும் காலம்.

மனைவி என்னைக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய் ஒரு நீளக் காற்சட்டை வாங்கித் தந்தாள். எங்கள் பேச்சில் லோங்ஸ். கடைக்காரப் பெடியன் அளவு நாடாவோடு என்னைச் சுற்றி வந்து, வயிற்றுக்கு மேலே ஒருமுறை வைத்துப் பார்த்தான், கீழே ஒருமுறை வைத்துப் பார்த்தான்.

"அண்ணை, உங்கட இடுப்பு எவடத்தில இருக்கு?"

எனக்கும் அது தெரியவில்லை. சாரம் கட்டுகிறவனின் இடுப்பு அன்றன்றைக்கு எங்கே முடிச்சு விழுகிறதோ அங்கேதான். மனைவி விரலால் ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கேயே முடிவானது.

அவள் வேறு ஒரு முடிவும் எடுத்திருந்தாள். அதை வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள்.

"அக்காவிட்டச் சொல்லிட்டன், அவையள் வாற அண்டைக்கு வரவேண்டாமெண்டு."

மனைவி மலைநாட்டிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவள். அங்கே கலவரம் வந்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாயும் தகப்பனும் ஓடிவந்தபோது அவள் கைக்குழந்தை. அக்கா நடந்து வந்தவள். குழந்தையாக வந்தவளுக்கு இந்த வன்னி மண்ணின் பேச்சு ஒட்டிக்கொண்டது. நடந்து வந்தவளுக்கு இன்றுவரை ஒட்டவில்லை. வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். அக்காவின் வீடு எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான். மலைநாட்டுப் பெண்ணைக் கட்டினேன் என்று, எங்கள் கலியாணத்துக்குப் பிறகு என் சொந்தச் சகோதரியே வருடக்கணக்காக என்னோடு பேசாமல் இருந்தவள். அதனால் கனடாக்காரர் என்ன கேட்பார்கள் என்பது மனைவிக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா என்ன சொன்னவா?"

"சரி எண்டா. வேற என்ன சொல்லுவா?"

அவர்கள் வரும் நாள் காலையில் மனைவி என் சாரங்கள் எல்லாவற்றையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் லோங்ஸைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். தொடைகள் இரண்டும் தனித்தனியாகப் பிரித்துவைக்கப்பட்டது போல இருந்தது. மகள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள்.

வான் வந்து நின்றது. முதலில் மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். பட்டுச் சேலை, கறுப்புக் கண்ணாடி, கையில் பற்றரியில் சுழலும் ஒரு சின்ன விசிறி. பிறகு ஐயா இறங்கினார். சாரத்தோடு.

நல்ல புதுச் சாரம். நீலத்தில் வெள்ளைக் கட்டம். கம்பனி ஸ்டிக்கர்கூட உரிக்கப்படாமல் ஓரத்தில் ஒட்டியிருந்தது. முடிச்சில் நம்பிக்கை இல்லாததால் மேலே அகலமான ஒரு தோல் பெல்ற்றைப் போட்டு இறுக்கியிருந்தார். அவர் நடந்துவந்தபோது ஒரு பக்கம் பிரிந்து முழங்கால் தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், சாரம் மூட்டப்படவில்லை. கடையில் வாங்கிய துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைக்காமல், போர்வையைச் சுற்றுவது போலச் சுற்றியிருந்தார்.

"என்ன அண்ணை இது?" என்று என் காலைப் பார்த்துக் கேட்டார். முகத்தில் உண்மையான துக்கம். "நீங்களும் மாறிட்டியளே! வன்னியிலயே லோங்ஸ் எண்டா இனி நாங்கள் எங்க போய்ச் சாரத்தைப் பாக்கிறது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

அவருக்கு என்னைவிட வயது கூட. ஆனாலும் என்னை அண்ணை என்றார். நானும் அவரை அண்ணை என்றேன். பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர். வன்னிக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஆனால் "ஊருக்கு வந்திட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "ஏயாப்போட்டில இறங்கின உடன சாரத்துக்கு மாறிட்டன் அண்ணை. ஊரெண்டா எனக்கு இதுதான்."

உள்ளே அந்த அம்மா என் மனைவியிடம் விசாரணையைத் தொடங்கியிருந்தார். மிகவும் அன்பாகத்தான் கேட்டார்.

"உங்கட மனுசன்ர ஆக்களத் தெரியும், விசாரிச்சனாங்கள். நீங்கள் எவடம்?"

"கிளிநொச்சிதான்" என்றாள் மனைவி.

"அது சரி, அதுக்கு முதல்?"

"முதலும் இஞ்சதான்."

"இல்லை, அம்மா அப்பான்ர சொந்த இடம்?"

மனைவி தேத்தண்ணி ஆறப்போகிறது என்று குசினிக்குள் போனாள். மகள் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்களுக்கு மகளைப் பிடித்துவிட்டது, அது முகத்தில் தெரிந்தது. பிடிக்காமல் போனால் இந்தக் கேள்விக்கே தேவை வந்திருக்காது.

சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. அவர் எழுந்து, "அண்ணை, வாய்க்காலில ஒரு முழுக்குப் போட்டிட்டு வருவம்" என்றார். கனடாவில் குளியலறையில் நிற்கும்போதெல்லாம் இதைத்தான் நினைப்பாராம். அவருடைய மனைவி வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. மோட்டார்சைக்கிளில் என் பின்னால் பெண்களைப் போல ஒரு பக்கமாக உட்கார்ந்து, காற்றில் பறக்கும் சாரத்தை ஒரு கையால் அமர்த்திக்கொண்டு வந்தார். நான் லோங்ஸில் முன்னால்.

வாய்க்கால் தெருவைக் கடக்கும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. மதகுக்கு இந்தப் பக்கம் ஆழம், ஆண்கள் குளிப்பது. அந்தப் பக்கம் பெண்கள் துணி தோய்ப்பது. தெரு நடுவில் மேடாக இருப்பதால் ஒரு பக்கம் மற்றப் பக்கத்துக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

அவர் சேர்ட்டைக் கழற்றினார். தண்ணீரில் தோல் கெட்டுவிடும் என்று பெல்ற்றையும் கழற்றினார்.

"அண்ணை, பெல்ற் இல்லாட்டி நிக்குமோ?"

"சின்னனில கட்டின சாரம் அண்ணை, கைக்குத் தெரியும்" என்றார்.

கைக்குத் தெரிந்திருக்கலாம். மூட்டாத சாரத்துக்குத் தெரியவில்லை. அவர் குதித்தார், அமிழ்ந்தார், "ஆஹா" என்று எழும்பினார். அவருக்கு முன்னால் நீலமும் வெள்ளையுமாக ஒரு துணி தண்ணீரில் விரிந்து, ஸ்டிக்கர் வெயிலில் மினுங்க, நிதானமாக மதகுக்குள் போனது. சிறுபோகத் தண்ணீர், நல்ல இழுவை. நான் ஒரு தடியைத் தேடி எடுப்பதற்குள் அது போய்விட்டது.

அவர் கழுத்தளவில் இருந்தார். என்னைப் பார்த்தார்.

"உள்ளுக்கு...?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை அண்ணை. ஊரில ஆர் போடுறது?"

சாரத்தோடு வந்திருந்தால் மேலே ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு அதை அவிழ்த்துக் கொடுத்திருப்பேன். அன்றைக்குத் துவாயும் இல்லை. லோங்ஸ் போட்டவன் தோளில் துவாய் போடக்கூடாது என்பது மனைவியின் சட்டம்.

மனைவிக்குப் போன் எடுத்தேன். அவர் தண்ணீருக்குள்ளிருந்து கையை ஆட்டி, "என்ர மனுசிக்குத் தெரியக்கூடாது!" என்று மெல்லக் கத்தினார்.

"இஞ்ச, அலுமாரியத் திறந்து ஒரு சாரத்தை எடுத்துப் பிள்ளையிட்டக் குடுத்துவிடு."

"ஏன்?"

"ஒரு அலுவல்."

"எனக்குத் தெரியும் உங்கட அலுவல்." பக்கத்தில் ஆள் இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் சாரத்தோட வந்த உடன உங்களுக்கும் ஆசை வந்திட்டுது. வாய்க்கால் கரையில வச்சு மாத்திக்கொண்டு வாற யோசினை. பேசாமல் போட்டதோடயே வாங்கோ."

"அதில்லையப்பா..."

போனை வைத்துவிட்டாள். மகளுக்கு எடுத்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது. தேத்தண்ணித் தட்டோடு நிற்கிறவள் போனைக் கையில் வைத்திருக்க முடியாதுதான்.

"அண்ணை" என்றார் அவர், "உங்கட லோங்ஸைத் தாங்கோவன்."

"அப்ப நான்?"

கொஞ்சம் யோசித்தார். "நீங்கள் ஊராள்தானே. உங்களை ஆர் பாக்கப்போயினம்?"

என் கை பொத்தானுக்குப் போனதா இல்லையா என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்குள் மதகின் மேலே ஆள் நடமாட்டம் தெரிந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஒரு பெண் வந்து நின்றாள். மனைவியின் அக்கா.

"தம்பி, நீங்களா? புதுச் சாரம் ஒண்ணு தண்ணியோட வந்துச்சு. புடிக்கப் பாத்தேன், போயிருச்சு. யாரும் விழுந்துட்டாங்களோன்னு ஓடி வந்தேன்..."

அப்போது தண்ணீருக்கு மேலே தலை ஒன்று தெரிவதைக் கண்டாள். உடனே திரும்பி நின்றுகொண்டாள். முதுகைக் காட்டியபடியே, "சரி சரி, இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது கையில் மடித்த சாரம் ஒன்று இருந்தது. பழைய பச்சைச் சாரம், ஓர் இடத்தில் ஒட்டுப் போட்டது. எங்களைப் பார்க்காமலே பக்கவாட்டில் நடந்து வந்து அதை மருதமரக் கிளையில் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரரோடது. தொவைச்சுக் காஞ்சதுதான். நல்லா மூட்டியிருக்கு, அவிழாது."

"பெரிய உபகாரம் தங்கச்சி" என்றார் தண்ணீருக்குள்ளிருந்தவர். நன்றி சொன்ன கையோடு, ஊர்க்காரர் எல்லோரும் கேட்பதையும் கேட்டார். "நீங்கள் எவடம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

"பக்கத்துலதாங்க. துணி தொவைக்க வந்தேன்" என்றாள்.

தங்கை கேட்டுக்கொண்டதை அவள் சரியாகச் செய்தாள். நான் தலையாட்டிவிட்டு நின்றிருந்தால் அன்றைய நாள் திட்டமிட்டபடியே முடிந்திருக்கும். எனக்கு அது முடியவில்லை. கழுத்தளவு தண்ணீரில் ஒன்றும் உடுக்காமல் நிற்கிற மனிதரிடம் பொய் சொல்வது ஏனோ சரியாகப் படவில்லை. இன்னொரு விதமாகவும் சொல்லலாம்: அவரால் எழும்பிப் போக முடியாத நேரம் பார்த்துச் சொன்னேன்.

"என்ர மனுசியின்ர அக்கா அண்ணை. கூடப் பிறந்தவா."

அக்கா தெருவைக் கடந்து மற்றப் பக்கம் இறங்கினாள். கொஞ்சத்தில் கல்லில் துணி அடிக்கும் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டதாக எனக்குப் பட்டது.

மோட்டார்சைக்கிளில் திரும்பினோம். இப்போது சாரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லாததால் என் தோளில் கை வைத்திருந்தார்.

"அண்ணை, அவா கதைக்கிறது... மலைநாட்டு ஆக்களோ?"

"ஓம்."

"அப்ப உங்கட மனுசியும்?"

"ஓம் அண்ணை. கூடப் பிறந்தவா எண்டனே."

வீட்டில் வாழையிலை போட்டிருந்தது. அந்த அம்மா முதலில் பார்த்ததே சாரத்தைத்தான்.

"இதென்ன கோலம்? உங்கட சாரம் எங்க?"

"தண்ணி கொண்டு போட்டுது."

"இது ஆரின்ர சாரம்?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாரத்தைப் பார்த்தார். பொய் சொன்னால் அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"பிள்ளையின்ர பெரியம்மா குடுத்தவா" என்றார்.

மனைவி கையில் சோற்றகப்பையோடு நின்றாள்.

"பெரியம்மாவோ?" என்றார் அந்த அம்மா. "பெரியம்மா இருக்கிறா எண்டு நீங்கள் ஒருதரும் சொல்லேல்லையே. இவ்வளவு கிட்டவெண்டால் ஏன் சாப்பிட வரேல்லை?"

கோபமோ அழுகையோ வந்தால் மட்டும் என் மனைவியின் பேச்சு தாயின் பேச்சாகிவிடும். அது அவளுக்கே தெரியாது.

"நாந்தான் வர வேணாம்னு சொன்னேன்" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லா விசாரணைக்கும் பதில் இருந்தது. அந்த அம்மா கையில் எடுத்த அப்பளத்தை உடைக்காமல் இலையிலேயே திருப்பி வைத்தார். பற்றரி விசிறி மட்டும் மேசையில் கிடந்து சுற்றியது. பச்சைச் சாரத்துக்காரர்தான் கடைசியில், "கத்தரிக்காய்ப் பால்கறி இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்று இலையைக் காட்டினார். அது பெருந்தன்மையா, பசியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவி விட்டாள்.

அவர்கள் போன பிறகு மனைவி பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, மிஞ்சிய சோறு கறியை ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனாள். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். பொழுது சாயும் நேரம் திரும்பி வந்தாள். சட்டி கழுவியிருந்தது, கண் வீங்கியிருந்தது. அங்கே என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கனடாவிலிருந்து பதில் வந்தது. சாதகத்தில் பொருத்தம் காணாதாம். முன்பே பார்த்துப் பொருந்திய சாதகம்தான். பத்துப் பொருத்தத்தில் ஒன்று வாய்க்காலில் போய்விட்டது போல.

மனைவி நாள் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். மகள் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே, "அம்மா, போனில கதைச்ச முதல் கிழமையே அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாள்.

"ஆருக்கு?"

"கனடாவில இருக்கிறவருக்குத்தான். அம்மம்மாவையள் தோட்டத்தில இருந்து வந்தது, பெரியம்மா, எல்லாம் நான் சொன்னனான்."

"அவர் என்ன சொன்னவர்?"

"தேயிலைத் தோட்டம் பாக்கக் கூட்டிக்கொண்டு போவியோ எண்டு கேட்டவர்."

"பிறகேன் தாய் தகப்பனிட்டச் சொல்லேல்லை?"

"அவை கவலைப்படுவினமாம்."

ஆக, கட்டப்போகிறவருக்கே தெரிந்ததைத் தாய் தகப்பனுக்கு மறைக்கத்தான் நாங்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம். நான் இறுகிய லோங்ஸில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதும் அதற்காகத்தான்.

மாப்பிள்ளை அடுத்த வருடம் தனியாக வந்தார். வீட்டு வாசலில் அரைக் காற்சட்டையோடு இறங்கினார், மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் உறுதியாக நின்றதில் கனடாவில் சாதகத்தை மறுபடி பார்த்தார்கள், இந்த முறை பொருந்தியது. கலியாணத்துக்குத் தாய் தகப்பனும் வந்தார்கள். மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பெரியம்மா தன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று. மனைவியே போய் அக்காவுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாள். மணவறையில் மகளின் மாலையைச் சரிசெய்தபடி அக்கா நின்றாள். சம்பந்தியம்மா அவளோடு சிரித்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் படம் பிறகு கனடாவில் எல்லோர் கைக்கும் போயிருக்கிறது. இது யார் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். சம்பந்தியம்மா பதில் சொல்லியிருக்கிறார். இந்தச் சம்பந்தத்தைப் பேசிய அந்தத் தூரத்துச் சொந்தக்காரி போனில் அதை எங்களுக்குச் சொன்னாள். என் மனைவியும் அக்காவும் யாழ்ப்பாணத்தில் நடுமுற்றம் வைத்த ஒரு பெரிய நாற்சார் வீட்டில் பிறந்தவர்களாம். கிணற்றடியில் மாதுளை நிற்கும் வீடாம். சண்டைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்த பழைய குடும்பமாம்.

மனைவிக்கு ஆத்திரப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்று அக்கா எங்கள் குசினியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வீடு இப்ப யாருகிட்ட இருக்காம்?" என்றாள். "நமக்குப் பங்கு ஏதும் வருமான்னு கேட்டுச் சொல்லு."